இரவுப் பணியிலிருந்த அந்தச் செவிலியருக்கு நன்றி

2021 மே மாதம், கொரோனாவின் இரண்டாம் அலையின்போது, சர்க்கரை நோயாளியான என் தந்தைக்குக் கருப்புப் பூஞ்சை நோய் கண்டது. சைனஸில் அழுகியிருந்த திசுக்களை அறுவை சிகிச்சையில் அகற்றிய பின், ஆம்போடெரிசின் பி என்ற பூஞ்சை எதிர்ப்பு மருந்தைத் தினமும் நரம்பு வழியே ஏற்றினார்கள். சிறுநீரகத்தைக் குறைவாகப் பாதிக்கும் லிப்போசோமல் வகைக்கு நாடெங்கும் தட்டுப்பாடு. எங்களுக்குக் கிடைத்தது பழைய வகைதான்.

அம்மருந்து சலைனோடு சேர்ந்தால் திரிந்துவிடும் என்பதால், குழாயில் சொட்டு உப்புநீரும் மிஞ்சாதபடி டெக்ஸ்ட்ரோஸ் என்னும் சர்க்கரைக் கரைசலை விட்டுக் கழுவிய பிறகே நீங்கள் பாட்டிலை மாட்டுவீர்கள். வெளிச்சம் படாதிருக்க அதன்மேல் கறுப்புத் தாளையும் சுற்றுவீர்கள். இவையெல்லாம் கடமை என்று நீங்கள் சொல்லக்கூடும். ஆனால் மருந்து ஏறும்போது வந்த குளிர்நடுக்கத்தில் கட்டிலே ஆடியபோது, கூப்பிடாமலே ஓடிவந்து, மருந்தை நிறுத்தி, மருத்துவரிடம் கேட்டு ஊசி போட்டு, கம்பளி போர்த்தி, நடுக்கம் தணியும்வரை என் தந்தையின் பாதங்களைப் பிடித்துக்கொண்டு நின்றது எந்தப் பணிப் பட்டியலில் இருக்கிறது? கெண்டைக்கால் பிடித்து இழுக்கிறது என்று அவர் முனகியதைக் கேட்டு, பொட்டாசியம் குறைந்திருக்குமோ என ஐயுற்று, அந்த நள்ளிரவிலேயே இரத்தப் பரிசோதனைக்கு ஏற்பாடு செய்தவரும் நீங்கள்தான். உங்கள் ஐயம் சரியாகவே இருந்தது.

கவச உடைக்குள் இருந்த உங்கள் முகமோ பெயரோ எங்களுக்குத் தெரியாது. "சிஸ்டர்" என்றே அழைத்துப் பழகிவிட்டோம். போசகோனசோல் என்ற பூஞ்சை எதிர்ப்பு மாத்திரைகளோடு வீடு திரும்பிய தந்தை இன்று நலமாக இருக்கிறார், கண்பார்வையும் தப்பியது. அப்போது மதுரையில் பூஞ்சை நோய் வார்டுகளில் பணியாற்றிய யாரேனும் இதைப் படித்தால், தயவுசெய்து அந்தச் செவிலியரிடம் சேர்ப்பியுங்கள்.