‘உறங்கும் வைரஸ்’ என்ற சொல் குறித்து: உயிரியல் பாடநூல் ஆசிரியர்களுக்கு ஒரு திறந்த மடல்

உயிரியல் பாடநூல்களை எழுதியும் தொகுத்தும் வரும் ஆசிரியர் குழுவினருக்கு,

வணக்கம்.

பாக்டீரியாவைத் தாக்கும் ஃபேஜ் வைரஸ்களைப் பற்றிய பாடத்தில் பெரும்பாலும் ஒரே படம்தான் இடம்பெறுகிறது. ஒருபுறம் லைடிக் சுழற்சி: செல் வெடித்துப் புதிய வைரஸ்கள் சிதறுகின்றன. மறுபுறம் லைசோஜெனிக் சுழற்சி: வைரஸின் டி.என்.ஏ. பாக்டீரியாவின் குரோமோசோமில் இணைந்து, புரோஃபேஜ் என்ற பெயருடன் ‘உறங்குகிறது’. பிறகு ஒருநாள் விழித்துக்கொள்கிறது, பாடமும் முடிந்துவிடுகிறது. அந்த ‘உறங்குகிறது’ என்ற சொல்லைப் பற்றியே இம்மடல்.

நீங்கள் எடுத்துக்காட்டும் லாம்டா ஃபேஜையே முதலில் பார்ப்போம். 1951-இல் எஸ்தர் லெடர்பெர்க் இ. கோலை என்ற குடல் பாக்டீரியாவின் கே-12 வகையில் கண்டறிந்து அறிவித்த இந்த வைரஸின் மரபணுத்தொகுப்பு 48,502 கார இணைகள் (டி.என்.ஏ. ஏணியின் படிகள்) கொண்டது. (அவர் பெயரையும் அந்தப் பக்கத்தில் சேர்க்கலாம்; இடம் இருக்கிறது.) குரோமோசோமில் இணைந்த பின் செல்லை அழிக்கும் அதன் மரபணுக்கள் அடங்கியிருப்பது உண்மைதான். ஆனால் அவற்றை அடக்கிவைப்பது அதே வைரஸ் இடைவிடாமல் உற்பத்தி செய்யும் சிஐ என்ற புரதம். வெளியிலிருந்து இன்னொரு லாம்டா உள்ளே நுழைந்தால், அதன் டி.என்.ஏ.வையும் இதே புரதம் பற்றி முடக்கிவிடுகிறது. புற ஊதாக் கதிர் பட்டு செல்லின் டி.என்.ஏ. சேதமடையும்போது அச்சேதத்தை உணரும் ரெக்ஏ என்ற செல் புரதத்தின் தூண்டுதலால் சிஐ தன்னைத்தானே வெட்டிக்கொள்கிறது. அப்போதுதான் வைரஸ் வெளியேறத் தொடங்குகிறது. ஓயாமல் காவல் காத்துக்கொண்டு, செல்லின் நலத்தையும் கவனித்துக்கொண்டிருக்கும் ஒன்றை உறங்குவதாகச் சொல்வது எனக்குப் பொருத்தமாகப் படவில்லை.

இன்னும் பெரிய குறை நோய்கள் பற்றிய பாடங்களில் இருக்கிறது. டிஃப்தீரியா எனப்படும் தொண்டை அடைப்பான் நோயை உண்டாக்கும் நச்சு, அந்த பாக்டீரியாவின் சொந்தச் சரக்கன்று. அதன் மரபணு ஒரு புரோஃபேஜில் இருக்கிறது. நச்சற்ற வகைகள் ஃபேஜ் தொற்றியபின் நச்சுள்ளவையாக மாறுவதை விக்டர் ஃப்ரீமன் 1951-லேயே காட்டினார். காலரா நச்சின் மரபணுக்களும் இழை வடிவ ஃபேஜ் ஒன்றில் பயணிப்பவை என்பதை வால்டரும் மெக்கலானோஸும் 1996-இல் நிறுவினர். இ. கோலை ஓ157 வகையின் ஷிகா நச்சும் அவ்வாறே. அங்கே இது வெறும் வரலாற்றுச் செய்தியாக நின்றுவிடுவதில்லை: டி.என்.ஏ.வைச் சேதப்படுத்தும் சில ஆன்டிபயாடிக்குகள் அந்தப் புரோஃபேஜைக் கிளப்பி நச்சு உற்பத்தியைக் கூட்டக்கூடும் என்பதால், இத்தொற்றுக்கு ஆன்டிபயாடிக் கொடுக்க மருத்துவர்கள் தயங்குகிறார்கள். ஆயினும் ஃபேஜ் ஓர் அத்தியாயத்திலும் காலரா வேறோர் அத்தியாயத்திலும் ஒன்றையொன்று அறியாமல் கிடக்கின்றன.

லாம்டா ஒன்றை மட்டும் காட்டுவதால் புரோஃபேஜ்களின் பன்மையும் மறைந்துபோகிறது. பி1 ஃபேஜ் குரோமோசோமில் இணையாமல் வட்டப் பிளாஸ்மிடாக, அதாவது குரோமோசோமுக்கு வெளியே உள்ள டி.என்.ஏ. வளையமாக, தனித்து வாழ்கிறது. என்15 ஃபேஜ் இரு முனைகளும் மூடிய நீள் பிளாஸ்மிடாக இருக்கிறது. மியூ ஃபேஜ் குரோமோசோமின் கிட்டத்தட்ட எந்த இடத்திலும் செருகிக்கொள்கிறது. காலராவின் இழை ஃபேஜோ செல்லைக் கொல்லாமலே வெளியேறுகிறது. முழுமையாக வாசிக்கப்பட்ட பாக்டீரிய மரபணுத்தொகுப்புகளில் ஏறத்தாழ பாதியில் புரோஃபேஜ் உண்டு. ஓ157-இன் சகாய் வகையில் மட்டும் 18 உள்ளன.

சிதைந்து, இனி வைரஸாக வெளியேற இயலாத புரோஃபேஜ்களையும் வெறும் எச்சம் என்று தள்ளிவிட முடியாது. கே-12-இல் அத்தகையவை ஒன்பது. 46 லட்சம் கார இணைகளில் ஏறத்தாழ 1,66,000 அவற்றுக்குரியவை. 2010-இல் வெளிவந்த ஓர் ஆய்வில் ஒன்பதையும் நீக்கிப் பார்த்தபோது, அந்த பாக்டீரியா குயினோலோன், பீட்டா-லாக்டம் வகை ஆன்டிபயாடிக்குகளுக்கும் ஆக்சிஜனேற்ற அழுத்தத்துக்கும் எளிதில் இரையானது.

எனக்கு மிகவும் பிடித்த சான்று, உணவு வழியே நோய் பரப்பும் லிஸ்டீரியா என்ற பாக்டீரியாவினுடையது. அதன் சில வகைகளில் ‘காம்கே’ என்ற மரபணுவின் நடுவே ஒரு புரோஃபேஜ் அமர்ந்து, அதைச் செயலற்றதாக்கி வைத்திருக்கிறது. நம் நோயெதிர்ப்புச் செல் அந்த பாக்டீரியாவை விழுங்கி ஒரு பைக்குள் அடைத்ததும், புரோஃபேஜ் தன்னை வெட்டியெடுத்துக்கொண்டு விலகுகிறது; முழுமை பெற்ற மரபணு இயங்க, பாக்டீரியா பையிலிருந்து தப்புகிறது. விலகிய வைரஸ் புதிய துகள்களை உருவாக்குவதில்லை, செல்லை வெடிக்கச் செய்வதுமில்லை. பிறகு பழைய இடத்திலேயே மீண்டும் இணைந்துகொள்ளவும் முடிகிறது. 2012-இல் வெளிவந்த இந்தக் கண்டுபிடிப்பை உங்கள் படத்தின் எந்தப் பக்கத்தில் வைப்பீர்கள்? லைடிக்கும் அன்று, உறக்கமும் அன்று.

பள்ளி மாணவர்க்கு எளிமை வேண்டும் என்பீர்கள். ஒப்புக்கொள்கிறேன்; நான் புதிய அத்தியாயம் கேட்கவில்லை. ‘உறங்கும் வைரஸ்’ என்பதற்குப் பதிலாக ‘உடனுறை வைரஸ்’ என்று எழுதலாம்; அது கடினமான சொல்லும் அன்று. டிஃப்தீரியா, காலரா பாடங்களில் நச்சின் மரபணு எங்கிருந்து வந்தது என்று ஒரு வரி சேர்த்து, ஃபேஜ் பாடத்தின் பக்க எண்ணைச் சுட்டலாம். படத்தின் கீழே, லாம்டா பலவற்றுள் ஒரு வகை மட்டுமே என்று குறிப்பிடலாம். பயிற்சி வினாக்களில் ‘புரோஃபேஜ் செயலற்ற நிலையில் உள்ளது: சரியா, தவறா?’ என்று கேட்டு, ‘சரி’ என்பதற்கு மதிப்பெண் வழங்குவதை அடுத்த பதிப்பிலாவது நிறுத்துங்கள்.

இப்படிக்கு,
நுண்ணுயிரியல் கற்பிக்கும் ஓர் ஆசிரியர்