வாரத்துக்கு ஒரு நாள் படிக்க விடுங்க

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

கவுன்சலிங் சீசன் வந்துட்டா உங்க கல்விப் பக்கத்துல எந்த காலேஜ், எந்த கோர்ஸ், கட் ஆஃப் எவ்வளவுன்னு பக்கம் பக்கமா வருது, அதை எங்க அத்தை திருச்சியில இருந்து போட்டோ எடுத்து வாட்ஸ்அப்ல எனக்கும் அனுப்பிடுவாங்க, நான் ஏற்கனவே படிச்சிட்டு இருக்கேன்னு தெரிஞ்சும் அனுப்புவாங்க. அதுல வர்றது எல்லாமே நாலு வருஷம் முழுநேரமா காலேஜ் போறவங்களுக்குத்தான். வேலையும் பாத்துக்கிட்டு பி.இ. படிக்கிறவங்கன்னு ஒரு கூட்டமே இருக்கு சார், அவங்களைப் பத்தி ஒரு வரி கூட காணோம். அவங்களுக்காகத்தான் இந்த லெட்டர். நீளமா இருந்தா வெட்டிக்கோங்க, கடைசியில இருக்கற கோரிக்கையில மட்டும் கை வைக்காதீங்க.

நான் திருச்சி பொண்ணு. ஒம்பதாவது முடிச்சப்போ அப்பா வேலை காரணமா குடும்பத்தோட லண்டன் வந்துட்டோம். இங்க ஸ்கூல் முடிச்சிட்டு நேரா யூனிவர்சிட்டிக்குப் போகாம ஒரு கன்ஸ்ட்ரக்‌ஷன் கம்பெனியில டிகிரி அப்ரண்டிஸா சேர்ந்தேன், சிவில் இன்ஜினியரிங். இப்போ நாலாவது வருஷம். வாரத்துல நாலு நாள் சைட், புதன்கிழமை யூனிவர்சிட்டி. புதன்கிழமைக்கும் சம்பளம் உண்டு. ஃபீஸ் நான் ஒரு பைசா கட்டல.

இதை ஊர்ல சொன்னப்போ யாருக்கும் சந்தோஷம் இல்ல. பொன்மலை ரயில்வே ஒர்க்‌ஷாப்ல அப்ரண்டிஸ் முடிச்சிட்டு வேலை குடுங்கன்னு கொடி பிடிச்சு நிக்கிற பசங்களைப் பாத்த ஊர் அது, அதனால லண்டனுக்குப் போயும் இந்தப் பொண்ணு அப்ரண்டிஸா போயிருச்சேன்னு சித்தப்பா ஒருத்தர் அப்பாவுக்கு போன் போட்டு வருத்தப்பட்டாரு. அவரை குத்தம் சொல்ல முடியாது. நம்ம ஊர்ல அப்ரண்டிஸ்னா படிப்பு முடிஞ்ச அப்புறம் ஒரு வருஷம், அதோட சரி. 1961 சட்டம், 2019ல திருத்தின விதிப்படி டிப்ளமோ முடிச்சவங்களுக்கு மாசம் குறைஞ்சது 8,000 ரூபா, டிகிரி முடிச்சவங்களுக்கு 9,000, அதுல ஒரு பங்கை மத்திய அரசு ஏத்துக்கும். அந்த ஒரு வருஷம் முடிஞ்சா கையில ஒரு சர்டிபிகேட் வரும். அந்த வருஷத்துக்கும் அடுத்து படிக்கப்போற டிகிரிக்கும் ஒட்டும் இல்ல உறவும் இல்ல.

இங்க இங்கிலாந்துல எப்படின்னா, டிகிரி அப்ரண்டிஸ்ஷிப்னு 2015ல கொண்டு வந்தாங்க. அப்புறம் 2017 ஏப்ரல்ல ஒரு வரி போட்டாங்க, வருஷத்துக்கு 30 லட்சம் பவுண்டுக்கு மேல சம்பளம் குடுக்கற கம்பெனி எதுவா இருந்தாலும் அதுக்கு மேல இருக்கற தொகையில 0.5 சதவீதம் கட்டணும். கட்டின பணம் அந்த கம்பெனி பேர்ல ஒரு கணக்குல இருக்கும், அதை பயிற்சி குடுக்க மட்டும்தான் எடுக்க முடியும், குறிப்பிட்ட காலத்துக்குள்ள எடுக்கலன்னா அரசாங்கத்துக்குப் போயிடும். சும்மா போறதுக்கு ஒரு பொண்ணையோ பையனையோ படிக்க வைப்போமேன்னுதான் பாதி கம்பெனி இதுக்குள்ள வந்துச்சுன்னு நான் நினைக்கிறேன், தர்ம சிந்தனைன்னு எல்லாம் ஒண்ணும் இல்ல. சிவில் டிகிரி அப்ரண்டிஸ் ஒருத்தருக்கு அந்தக் கணக்குல இருந்து அதிகபட்சம் 27,000 பவுண்டு எடுக்கலாம். என் வயசுல முழுநேரம் படிக்கிறவங்க 2025-26 கணக்குல வருஷத்துக்கு 9,535 பவுண்டு ஃபீஸ், அதுக்கு லோன், சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் இன்னொரு லோன்னு போறாங்க.

இதைப் படிச்சிட்டு யாராவது கிளம்பிடப் போறாங்க, அதுக்கு முன்னாடி ஒண்ணு சொல்லிடறேன். ஸ்டூடன்ட் விசாவுல வர்றவங்க இதுல சேர முடியாது. பொதுவா மூணு வருஷமாவது இங்க குடியிருந்திருக்கணும், வேலை பாக்கற உரிமையும் இருக்கணும். எந்த கன்சல்டன்சியாவது லட்சக்கணக்குல வாங்கிட்டு அப்ரண்டிஸ்ஷிப் வாங்கித் தரேன்னு சொன்னா எழுந்து வந்துடுங்க.

சரி, வேலையும் படிப்பும் சேர்ந்தா என்ன ஆகுதுன்னு ஒரு உதாரணம் சொல்றேன். எங்க சைட்ல டிரெயினேஜ் பைப் போட பள்ளம் தோண்டினாங்க, லண்டன் களிமண், கெட்டியா நீல சாம்பல் கலர்ல இருக்கும், மெஷின்ல வெட்டினா கேக் வெட்டின மாதிரி செங்குத்தா நிக்கும். இது இவ்வளவு நல்லா நிக்குதே, எதுக்கு ரெண்டு பக்கமும் ஸ்டீல் பாக்ஸ் இறக்கி டைமை வேஸ்ட் பண்றாங்கன்னுதான் புதுசா வர்ற யாருக்குமே தோணும். அந்த வாரமே சாயில் மெக்கானிக்ஸ், அதாவது மண்ணோட பலத்தைப் பத்தின கிளாஸ்ல இதே களிமண்தான் பாடம். தோண்டும்போது மேல இருந்த பாரம் போயிடுது, மண்ணுக்குள்ள இருக்கற தண்ணியோட அழுத்தம் இறங்குது, அந்த உறிஞ்சற சக்திதான் மண்ணை இறுக்கிப் பிடிச்சு வெச்சிருக்கு. நாள் ஆக ஆக சுத்தி இருக்கற தண்ணிய இழுக்கும், ஊதும், பிடிப்பு போகும், ஒரு நாள் சொல்லாம கொள்ளாம சரியும். வியாழக்கிழமை திரும்ப சைட்டுக்குப் போனா ஓரத்துல கோடு கோடா வெடிப்பு. ரெண்டு நாள் முன்னாடி அதையே பாத்திருந்தா வெயில்ல காஞ்ச மண்ணுன்னு தாண்டிப் போயிருப்பேன். இப்போ எங்க நிக்கணும், எங்க நிக்கக்கூடாதுன்னு கால் தானா முடிவு பண்ணுது. பரீட்சைக்கு வந்தப்போ அந்த சாப்டரை தனியா மனப்பாடம் பண்ண வேண்டிய தேவையே வரல.

இன்னொன்னு, கான்க்ரீட். முதல் வருஷம் பூரா என் வேலை ஸ்லம்ப் டெஸ்ட் (கலவை எவ்வளவு இளக்கமா இருக்குன்னு பாக்கறது) எடுக்கறதும், பலம் பாக்க கான்க்ரீட்ல கியூப் போடறதும், டோட்டல் ஸ்டேஷன்ங்கற சர்வே கருவிக்கு பிரிஸம் பிடிக்கறதும்தான். கோன்ல மூணு லேயரா போட்டு ஒவ்வொரு லேயருக்கும் 25 குத்து, கியூபை தண்ணித் தொட்டியில போட்டு 7 நாள், 28 நாள்ல உடைச்சுப் பாக்கறது. இது தமிழ்நாட்டுல பாலிடெக்னிக் லேப்லயும் அப்படியேதான் சொல்லிக் குடுக்கறாங்க. வித்தியாசம் என்னன்னா, 28 நாள் ரிசல்ட் கம்மியா வந்தா அன்னைக்கு சைட் ஆபீஸ்ல யாரு யார்கிட்ட போன் பேசறா, எந்த தூணுல துளை போட்டு சாம்பிள் (கோர்) எடுக்கப் போறாங்க, பில் எவ்வளவு நிக்கும்னு கூடவே நின்னு பாக்கலாம். அதை எந்த லேப்லயும் செட் பண்ண முடியாது.

கஷ்டம் இல்லாம இல்ல. காலையில ஏழரைக்கு சைட்ல நிக்கணும்னா நான் அஞ்சேகாலுக்கு எழுந்துக்கணும், ஜனவரி மாசம்னா சைட்ல நின்னு கொஞ்ச நேரம் கழிச்சுத்தான் விடியும். சனி ஞாயிறு அசைன்மென்ட்ல போயிடும். என் கூட ஸ்கூல் படிச்சவங்க மூணு வருஷத்துல டிகிரி முடிச்சு போட்டோ போட்டுட்டாங்க, எனக்கு அஞ்சு வருஷத்துக்கு மேல ஆகும். யூனிவர்சிட்டியில வாரம் ஒரு நாள் போறவங்களுக்கு அங்க யாரையும் தெரியாது, கேன்டீன்ல தனியா உக்காந்து சாப்பிட்டுட்டு வரணும், காலேஜ் லைஃப்னு ஒண்ணு எனக்கு கிடைக்கவே இல்ல, அது வேணும்னு நினைக்கறவங்க இந்தப் பக்கம் வராதீங்க. சம்பளம்னு சொன்னாலும் முதல் வருஷ அப்ரண்டிஸுக்கு சட்டப்படி குறைஞ்சபட்சம் 2025 ஏப்ரல் கணக்குல மணிக்கு 7.55 பவுண்டாதான் இருந்துச்சு, கம்பெனி அதுக்கு மேல குடுத்தாலும் லண்டன்ல தனியா ரூம் எடுத்து இருக்கவே முடியாது, அப்பா அம்மா வீட்ல இருக்கறதால ஓடுது. இது போக என்ன கத்துக்கிட்டேன், எத்தனை மணி நேரம் கத்துக்கிட்டேன்னு மாசாமாசம் எழுதி ஏத்தணும், சில சமயம் கான்க்ரீட்டை விட அந்த பேப்பர் வேலைதான் கனமா இருக்கும். நடுவுல விட்டுட்டுப் போனவங்க எங்க பேட்ச்லயே இருக்காங்க.

ஆனா ஒரு விஷயம் இருக்கு சார், அதுக்காகத்தான் இவ்வளவு எழுதறேன். புதன்கிழமை. எங்க சைட் மேனேஜர் ஒருத்தர், அன்னைக்கு பெரிய ஸ்லாப் கான்க்ரீட் இருக்கு, இந்த ஒரு வாரம் கிளாஸை விட்டுட்டு வந்துடேன்னு கேட்டிருக்காரு, ஒரு தடவை இல்ல பல தடவை. அவருக்கு ஆள் பத்தல, அவர் கஷ்டம் அவருக்கு. ஆனா படிப்பு நேரம் சம்பள நேரத்துக்குள்ளயே இருக்கணும்னு விதி இருக்கு. நான் சேர்ந்தப்போ வாரத்துக்கு குறைஞ்சது 6 மணி நேரம்னு கணக்கு, அதை அவர் எடுத்தாருன்னா வேற நாள் திருப்பிக் குடுத்தாகணும், இல்லன்னா என் பயிற்சிக்குப் போற பணத்துக்கு ஆடிட்ல கேள்வி வரும். அதனால நான் சண்டை போட வேண்டியதில்ல, முகத்துல அடிச்ச மாதிரி பேச வேண்டியதில்ல, ஹெச்.ஆருக்கு ஒரு மெயில், முடிஞ்சது. நான் பெரிய தைரியசாலி எல்லாம் கிடையாது, சட்டம் எனக்காக பேசிடுது.

இப்போ எங்க பெரியம்மா பையன் கதைக்கு வரேன். எனக்கு அண்ணன். கோயம்புத்தூர் பக்கம் ஒரு பில்டர்கிட்ட சைட் இன்ஜினியர், டிப்ளமோ முடிச்சவரு, சாயங்காலம் பார்ட் டைம் பி.இ. சிவில், ஏழு செமஸ்டர், அதாவது மூணரை வருஷம். கையில இருக்கற அனுபவத்தைப் பாத்தா அவர் பக்கத்துல நான் நிக்கவே முடியாது. ஃபுட்டிங்ல இருந்து மொட்டை மாடி தண்ணித்தொட்டி வரைக்கும் ஒரு முழு அப்பார்ட்மென்ட்டை தனியா நின்னு முடிச்சிருக்காரு, கம்பி அளவு, ஆள் கூலி, லாரி மணல், பக்கத்து வீட்டுக்காரன் சண்டை எல்லாத்தையும் அவரே பாத்திருக்காரு. நான் நாலு வருஷத்துல பாத்தது கொஞ்சம் டிரெயினேஜ், கொஞ்சம் பைல் (ஆழமா இறக்கற அஸ்திவாரத் தூண்), ஒரு பாலத்தோட ரெண்டு முனையையும் தாங்கற அபட்மென்ட்.

ஆனா அவரால கிளாஸுக்குப் போக முடியல. கிளாஸ் சாயங்காலம் ஆறு, ஆறரைக்கு ஆரம்பிக்கும். ஸ்லாப் போடற அன்னைக்கு சைட் ராத்திரி எட்டு மணிக்கும் முடியாது, அங்க இருந்து பைக்ல போகணும். 75 சதவீதம் அட்டெண்டன்ஸ் வேணும். முதலாளிகிட்ட வாரம் ரெண்டு நாள் அஞ்சு மணிக்கு விடுங்கன்னு கேட்டதுக்கு, படிப்பா வேலையா முடிவு பண்ணிட்டு வான்னு சொல்லிட்டாரு. கிளாஸுக்குப் போனாலும் வெயில்ல நின்ன உடம்பு, உக்காந்த உடனே கண்ணு சொக்குது. கட்டடம் பாரத்தை எப்படித் தாங்குதுன்னு கணக்கு போடற ஸ்ட்ரக்சுரல் அனாலிசிஸ்ல அரியர். தினமும் பீம்ல கம்பி கட்டறதை செக் பண்றவரு சார் அவரு, சப்போர்ட் மேல வர்ற இடத்துல மேல் கம்பி ஏன் அதிகம்னு தூக்கத்துல எழுப்பி கேட்டாலும் சொல்லுவாரு, அவருக்கு அரியர்.

அவருக்கு மூளை பத்தலயா, உழைப்பு பத்தலயா? எனக்கு இருக்கற புதன்கிழமை அவருக்கு இல்ல, அவ்வளவுதான். பாடம் கிட்டத்தட்ட ஒண்ணு, கியூப் ஒண்ணு.

அதனால என் கோரிக்கை இதுதான். பார்ட் டைம் பி.இ. படிக்கிற எல்லாருக்கும் வாரத்துல ஒரு நாள், அது முடியலன்னா ரெண்டு அரை நாள், சம்பளத்தோட படிக்க விடணும்னு அரசு விதி கொண்டு வரணும். தனியார் பில்டர் உடனே ஒத்துக்க மாட்டாங்க, அதனால அரசு தன்னோட டெண்டர்ல இருந்து ஆரம்பிக்கலாம். சென்னை மெட்ரோ ரெண்டாம் கட்டம் மட்டுமே 118.9 கிலோமீட்டர், பொதுப்பணித்துறை, நெடுஞ்சாலைத்துறை வேலைகள் தனி. இத்தனை கோடிக்கு மேல காண்ட்ராக்ட் எடுத்தா இத்தனை பேரை வேலையோட படிக்க வைக்கணும்னு ஒரு ஷரத்து போட்டா போதும், டெண்டர் வேணும்னா செஞ்சுதான் ஆகணும். லண்டன்ல எலிசபெத் லைன்ங்கற ரயில் பாதை கட்டினப்போ இப்படித்தான் ஆயிரத்துக்கு மேல அப்ரண்டிஸ்களை உள்ள எடுத்தாங்க.

பணத்துக்கு எங்க போறதுன்னு கேப்பாங்க. கட்டட வேலைக்கு ஏற்கனவே 1 சதவீதம் நல நிதி வாங்கறாங்க, ஆனா அது கொத்தனார், சித்தாள், கம்பி கட்டறவங்களோட பணம், அதுல கை வைக்கச் சொல்லி நான் எழுதல, தயவு செஞ்சு யாரும் அப்படி ஐடியா குடுக்காதீங்க. ஒரு நாள் சம்பளம்னா பெரிய கம்பெனிக்கு சைட்ல வீணாப் போற சிமென்ட் காசு கூட ஆகாது. அரசு காலேஜ்ல பார்ட் டைம் ஃபீஸ் ஒண்ணும் பெரிய தொகை இல்ல, அங்க பிரச்சனையே நேரம்தான். அப்புறம் டிப்ளமோ முடிச்சு அப்ரண்டிஸா வேலை பாத்த அந்த ஒரு வருஷத்துக்கு டிகிரியில கிரெடிட் குடுக்க முடியுமான்னு அண்ணா பல்கலைக்கழகம் யோசிக்கணும், சர்வே லேப், கான்க்ரீட் லேப் எல்லாம் சைட்ல பண்ணினவங்க திரும்ப ஏன் லேப்ல உக்காரணும்.

கடைசியா உங்ககிட்டயே ஒரு வேலை சொல்றேன், கோவிச்சுக்காதீங்க. உங்க நிருபர் ஒருத்தரை பார்ட் டைம் பி.இ. நடக்கற ஏதாவது ஒரு அரசு காலேஜுக்கு சாயங்காலம் ஏழு மணிக்கு அனுப்புங்க. சிவில்ல எத்தனை சீட், எத்தனை பேர் சேர்ந்தாங்க, அன்னைக்கு எத்தனை பேர் உக்காந்திருக்காங்க, வராதவங்க ஏன் வரலன்னு கேட்டு போடுங்க. அடுத்த கவுன்சலிங் சீசனுக்கு முன்னாடி போட்டீங்கன்னா நல்லது, அத்தை எப்படியும் போட்டோ எடுத்து அனுப்பிடுவாங்க, நான் படிச்சுக்கறேன்.

இப்படிக்கு,
திருச்சி வாசகி ஒருத்தி,
இப்போ லண்டன்ல இருந்து