தம்பி வீட்டுக்கு வந்துவிட்டான்

நேற்று ராத்திரி பதினொன்றரைக்குத் தம்பி வீடு வந்து சேர்ந்தான். அம்மா ஒன்றுமே கேட்கவில்லை. கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போய்ச் சோறு போட்டாள். கேரளத்தில் கட்டட வேலைக்குப் போன இடத்தில் அவனைப் பிடித்து உள்ளே வைத்தது, கோர்ட்டுக்கு அலைந்தது, நடந்ததெல்லாம் உங்களுக்குத் தெரியும். திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை.

கைமாற்றுக் கொடுத்தவர்கள், ஃபீஸ் வாங்காத வக்கீலம்மா, கூலியை விட்டுவிட்டுக் கோர்ட்டுக்கு வந்து நின்ற கொத்தனார்கள், என் பிள்ளைகளுக்குப் பொங்கிப் போட்ட எதிர்வீட்டு அக்கா, எல்லோரையும் கையெடுத்துக் கும்பிடுகிறேன்.

ஒருவரைப் பற்றி மட்டும் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். வக்கீல் குமாஸ்தா. பாலக்காட்டுப் பக்கத்துக்காரர். பெயர் போட வேண்டாம் என்றார்.

ஜாமீன் கிடைத்த அன்றைக்குத்தான் நான் அதிகம் அழுதேன். உள்ளூரில் நிலம் உள்ள இரண்டு பேர் கையெழுத்துப் போட வேண்டுமாம். எங்கள் ஊர் வீட்டு வரி ரசீது செல்லாதாம். கேரளத்தில் எங்களுக்கு யார் இருக்கிறார்கள்? வராந்தாவிலேயே உட்கார்ந்துவிட்டோம். அவர் வந்து பக்கத்தில் உட்கார்ந்தார். "மோளே, இதுக்கு முன்னாடியே ஒரு கொத்தனாருக்கு இதே கதி வந்திருக்கு" என்றார்.

அந்தக் கொத்தனார் பெயர் மோதி ராம், மத்தியப் பிரதேசத்துக்காரர். பத்தாயிரம் ரூபாய்க்கு ஜாமீன் கேட்டார்கள். உடன்பிறந்தவரின் சொத்து வேறு மாவட்டத்தில் இருக்கிறதென்று அவர் ஜாமீனையும் தள்ளினார்கள். 1978-இல் உச்ச நீதிமன்றத்தில் நீதிபதி வி.ஆர். கிருஷ்ணய்யர், வேறு யார் ஜாமீனும் இல்லாமல், அவரே எழுதிக் கொடுக்கும் ஆயிரம் ரூபாய் சொந்தப் பிணையில் அவரை விடச் சொன்னார். எங்கேயோ தூரத்தில் பஸ்தரிலோ போர்ட் பிளேரிலோ பிடிபட்டால் மலையாளியும் தமிழனும் என்ன செய்வான் என்று அந்தத் தீர்ப்பிலேயே கேட்டிருக்கிறார்.

அம்மாவுக்குத் தமிழ் மட்டும்தான் படிக்கத் தெரியும். குமாஸ்தா ஒரு பழைய தாளைத் திருப்பி, அந்த வரிகளைத் தமிழில், அம்மாவின் கண்ணுக்குத் தெரியும்படி பெரிய பெரிய எழுத்தாக எழுதினார். 'ற'வுக்கும் 'ர'வுக்கும் என்னிடம் கேட்டுக் கேட்டு எழுதினார். பத்து நிமிஷம் ஆனது. அம்மா விரல் வைத்து எழுத்துக்கூட்டிப் படித்தாள். 'தமிழன்' வந்த இடத்தில் விரல் நின்றுவிட்டது. அத்தனை நாளில் எங்களை ஆளாக மதித்துப் பேசியது அந்தத் தாள்தான்.

கிருஷ்ணய்யர் பாலக்காட்டில் பிறந்தவராம். தலச்சேரியில் தொழிலாளிகளுக்கும் குடியானவர்களுக்கும் வழக்காடிய வக்கீல். கம்யூனிஸ்டுகளுக்கு உதவினார் என்று 1948-இல் ஒரு மாதம் உள்ளே வைத்தார்கள். 1957-இல் கேரள முதலமைச்சர் இ.எம்.எஸ். மந்திரிசபையில் சட்டத்தோடு சிறைத் துறையும் அவர் பொறுப்பு. உள்ளே இருந்து பார்த்தவர் அல்லவா! பூட்டின கதவுக்கு வெளியே ஓர் அம்மா நிற்பாள் என்பது அவருக்குத் தெரிந்திருக்கிறது. பிற்பாடு நீதிபதியாகி, விசாரணைக் கைதிக்குக் கண்ணை மூடிக்கொண்டு விலங்கு மாட்டக்கூடாது என்று 1980-இல் எழுதியதும் அவர்தான்.

மறுநாள் வக்கீலம்மா அந்தத் தீர்ப்பை எடுத்து வைத்தார். தம்பியைச் சொந்தப் பிணையில் விட்டார்கள்.

அந்தத் தாளைப் பத்து நகல் எடுத்து வைத்திருக்கிறேன். கட்டட வேலைக்குப் போன பிள்ளைகளில் யாருக்காவது இப்படி ஆனால் என்னைக் கூப்பிடுங்கள். எந்த ஊர்க் கோர்ட்டானாலும் கூட வந்து உட்காருவேன்.

குமாஸ்தா ஐயா, உங்கள் பேனா என் பையோடு வந்துவிட்டது. அடுத்த வாய்தாவுக்கு வரும்போது கொண்டு வருகிறேன்.