விருந்தினருக்காக ராக்கெட் காத்திருக்கக் கூடாது

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

சந்திரயான்-3 நிலவில் இறங்கிய ஆகஸ்ட் 23-ஐத் தேசிய விண்வெளி நாளாகக் கொண்டாடுகிறோம். எங்கள் வட்டாரத்தில் அதற்கு உற்சாகம் கூடுதல். 2024 பிப்ரவரியில் குலசேகரன்பட்டினம் ஏவுதளத்துக்கு அடிக்கல் நாட்டியதிலிருந்து, சாரணர், சாரணியர், ஜூனியர் ரெட்கிராஸ் என்று எந்தப் பிள்ளைகளைக் கூட்டினாலும் "ராக்கெட் விடலாமா டீச்சர்?" என்றுதான் ஆரம்பிக்கிறார்கள். தாராளமாக விடலாம். அதை நடத்துகிற பெரியவர்களிடம்தான் எனக்குக் கொஞ்சம் பேச வேண்டியிருக்கிறது.

போன வருடம் ஒரு விழாவில் பட்டாசு மருந்தைப் பிரித்துக் குழாயில் அடைத்து, ஊதுபத்தியால் பற்றவைத்தார்கள். கை எட்டும் தூரத்தில் பிள்ளைகள். நல்லவேளையாக அது புகைந்து அணைந்துவிட்டது. உரிமமில்லாமல் வெடிமருந்து தயாரிப்பது 1884-ஆம் ஆண்டுச் சட்டப்படியே குற்றம். சட்டத்தை விடுங்கள், குழாய் வெடித்திருந்தால்? அமெரிக்காவில் 1957-ல் ஸ்புட்னிக் பறந்த பிறகு பிள்ளைகள் வீட்டிலேயே மருந்து இடித்து அடைத்துக் காயப்பட்டார்கள். அதற்கு மாற்றாகத்தான் தொழிற்சாலையிலேயே மருந்து அடைத்துச் செய்த சின்ன எரிகுழல், அதாவது ‘மோட்டார்’, வைத்த மாதிரி ராக்கெட் அங்கே பரவியது. உடல் காகிதமும் லேசான மரமும்தான். தீக்குச்சி கிடையாது, மின்சாரத்தில்தான் பற்றும். சின்ன மோட்டாருக்கே 5 மீட்டர் தள்ளி நிற்க வேண்டும். பொத்தானை அழுத்தியும் கிளம்பவில்லையா, ஏவும் பெட்டியின் சாவியை உருவிவிட்டு ஒரு நிமிடம் யாரும் கிட்டே போகக் கூடாது.

அந்த மோட்டார் இங்கே சுலபத்தில் கிடைப்பதில்லை. சரி, தண்ணீர் ராக்கெட் போதும். கலர் என்கிறோமே, அந்தக் காற்றடைத்த குளிர்பானத்தின் இரண்டு லிட்டர் பாட்டிலில் மூன்றில் ஒரு பங்கு தண்ணீர், சைக்கிள் பம்பால் காற்று. பம்பின் அழுத்தமானியில் 60 பி.எஸ்.ஐ.-யைத் தாண்ட விடாதீர்கள். கலர் பாட்டில் என்று அழுத்திச் சொல்வதற்குக் காரணம் உண்டு. அது அழுத்தத்தைத் தாங்கவென்றே செய்தது. குடிதண்ணீர் பாட்டில் மெலிசு, கிழிந்துவிடும். இறக்கைகளைச் சூடான பசையால் ஒட்டினால் அந்த இடத்தில் பாட்டில் இளகிப் பலமிழக்கும், டேப் சுற்றினால் போதும். மூக்கில் கூரான எதுவும் வேண்டாம், பழைய ரப்பர் பந்தைப் பாதியாக வெட்டி வையுங்கள். பம்படிப்பவர் நீளக் குழாயின் மறுமுனையில் இருக்கட்டும், விடுவிக்கும் கயிறும் அதே நீளம் இருக்கட்டும். காற்றைத் திறந்துவிட ஒரு வால்வு கட்டாயம். இல்லாவிட்டால், சிக்கி நிற்கும் பாட்டிலை யாராவது ஒருவர் போய்க் கையால் பிடுங்கத்தான் செய்வார்.

இதையெல்லாம் பிள்ளைகள் இரண்டு வகுப்பில் கற்றுக்கொள்கிறார்கள். கஷ்டம் காற்றோடும் சிறப்பு விருந்தினரோடும்தான்.

ஆடிக் காற்றில் அம்மியே பறக்கும் என்பார்கள். ஆகஸ்ட் 23 ஆவணியில் வருகிறது, ஆனால் எங்கள் பக்கம் காற்று அதற்குள் அடங்கிவிடுவதில்லை. காலை ஆறரைக்கு அசையாத பனையோலை பத்து மணிக்குப் படபடவென்று அடிக்கும். இறக்கை வைத்த ராக்கெட் காற்றடிக்கும் திசையைப் பார்த்து மூக்கைத் திருப்பிக்கொண்டு எதிர்க்காற்றில் ஏறும். பாராசூட் விரிந்தால் காற்றோடு திரும்பி வரும். ஆக, முன்னாலும் ஆபத்து, பின்னாலும் ஆபத்து. பந்தலைப் பக்கவாட்டில் போட வேண்டும். விழா நடத்துகிறவர்களோ வெயில் படாத இடம் பார்த்துப் போடுகிறார்கள்.

எட்டு மணிக்கு வர வேண்டிய விருந்தினர் பத்தரைக்கு வருகிறார். காற்று ஏறிவிட்டது. மணிக்கு 32 கிலோமீட்டரைத் தாண்டினால் அமெரிக்க விதி ஏவவே விடாது. இங்கே "ஐயா வந்திருக்கார், ஒண்ணாவது விடுங்க" என்கிறார்கள். ஐயா படத்துக்காக பாட்டிலுக்குப் பக்கத்திலேயே நிற்கிறார், அவரைச் சுற்றிப் பிள்ளைகள்! எந்த ஆசிரியையால் அப்போது முடியாது என்று சொல்ல முடியும்?

2023 அக்டோபர் 21-ல், மனிதரை விண்ணுக்கு அனுப்பும் ககன்யான் திட்டத்தின் சோதனை ராக்கெட்டை நாடே பார்த்துக்கொண்டிருந்தது. வானிலையால் எட்டு மணி எட்டே முக்கால் ஆயிற்று. அப்புறம் ஐந்து விநாடி மீதமிருக்கையில் கணினி நிறுத்தியது. காரணம் பார்த்துச் சரிசெய்து, பத்து மணிக்கு ஏவினார்கள். ஸ்ரீஹரிகோட்டாவில் முடிகிறது என்றால் நம் பள்ளி மைதானத்தில் முடியாதா?

அதனால் ஏவும் பொறுப்பு விழாக் குழுவில் இல்லாத ஒருவரிடம் இருக்கட்டும். அவர் வேண்டாம் என்றால் தலைமையாசிரியரும் மறுபேச்சு பேசக் கூடாது. பாட்டில் பனையிலோ மின்கம்பியிலோ மாட்டினால் அது போனது போனதுதான், ஏறி எடுக்கவும் கல் எறியவும் யாரையும் விடக் கூடாது என்பதையும் அவரே பார்த்துக்கொள்ளட்டும். நம் பையன்கள் பனையைக் கண்டால் சும்மா இருக்க மாட்டார்கள்.

சாரணர் ஆணையர்களுக்கும் தலைமையாசிரியர்களுக்கும் ஒரு வேண்டுகோள். அழைப்பிதழில் ‘காலை 6.30 ராக்கெட் ஏவுதல், 9.00 விருந்தினர் உரை’ என்று அச்சிடுங்கள். காற்று இருந்தால் அன்று பேச்சும் பரிசும் மட்டும் நடக்கட்டும், ராக்கெட்டை ஜனவரியில் விட்டுக்கொள்ளலாம் என்ற வரியையும் கீழே சேர்த்துவிடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வு பெற்ற அறிவியல் ஆசிரியை,
உடன்குடி.