எல்கேஜி ரூம் அலங்காரம், சனிக்கிழமை வாங்க

எல்லாருக்கும் வணக்கமுங்க, ஜூன் 1 ஸ்கூல் தொறக்கறதுக்குள்ள நம்ம கேரளா பாலக்காட்டு கொழிஞ்சாம்பாறை ஸ்கூல் எல்கேஜி ரூமை ரெடி பண்ணோணும், முடிஞ்சவங்க சனிக்கிழமை காலைல 10 மணிக்கு வந்துருங்க. போன வருசம் நான்தான் செவுரு பூரா சார்ட்டா ஒட்டித் தள்ளினேன், மழை புடிச்சதும் ஓதம் அடிச்சு செலோடேப் ஒவ்வொண்ணா உரிஞ்சு யானை தும்பிக்கை மட்டும் ஒரு வாரம் தொங்கிட்டு கெடந்துச்சு 😄 அதனால இந்த தடவ கயிறு கட்டி துணி கிளிப்புல மாட்டிக்கலாம், புள்ளைங்க கண்ணு எட்டுற ஒயரத்துல, நம்ம ஒயரத்துல இல்ல. நெறைய மாட்டவும் வேணாம், 2014ல அமெரிக்கா கார்னகி மெலன் யுனிவர்சிட்டில சின்னப்புள்ளைங்கள வெச்சு பாத்ததுல செவுரு பூரா அலங்காரம் இருந்தா கவனம் சிதறி பாடம் கம்மியாத்தான் ஏறுதாம், போர்டு இருக்கற செவுரு சும்மா இருக்கட்டும். ஒரு கயித்துல தமிழ் அ ஆ, பக்கத்துலயே மலையாளம். வீட்டுல பனையோலைல கிளி, காத்தாடி பண்ணத் தெரிஞ்ச தாத்தா பாட்டி இருந்தா கையோட கூட்டிட்டு வாங்க, கடை தோரணத்த விட அதான் அழகு. பலூன், குண்டூசி, தெர்மாகோல் கொண்டு வராதீங்க, எல்லாம் நேரா வாய்க்குத்தான் போகுது. துணி கிளிப்பு யாருகிட்ட இருக்கு, சொல்லுங்க.