அலாரம் நின்றதா, ஒலித்ததா?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். தங்கள் நாளிதழின் மாணவர் பக்கத்தில் அண்மையில் வெளியான, ஆங்கிலத் தொடர்வினைகளுக்கு (‘கோ ஆஃப்’ போல ஒரு வினையும் ஒரு சிறு சொல்லும் சேர்ந்து நிற்பவை) இணையான பிரெஞ்சு வினைகளின் பட்டியலைப் படித்தேன். பிரெஞ்சு கற்கும் தமிழ் மாணவர்களை மனத்தில் கொண்டு இத்தகைய பகுதியை வெளியிட்டமைக்கு முதலில் என் பாராட்டு. ஆனால் இடப்பக்கம் ஓர் ஆங்கில வினை, வலப்பக்கம் ஒரு பிரெஞ்சு வினை என்று இரண்டு பத்திகளாக அச்சிட்ட அந்த அமைப்பே மாணவர்களுக்குக் குழி பறிக்கும் என்பதை, ஆங்கிலத்திலிருந்து பிரெஞ்சுக்கு மொழிபெயர்ப்பதைப் பல ஆண்டுகளாகத் தொழிலாகக் கொண்டவன் என்ற முறையில் சுட்டிக்காட்ட விரும்புகிறேன்.

அந்தப் பட்டியலில் ‘கோ ஆஃப்’ என்பதற்கு எதிரே, அணைதல் என்னும் பொருளுடைய ‘செதாந்த்ர்’ என்ற ஒரே சொல் உள்ளது. அதைக் கண்டதும் என் தொழிலின் தொடக்கக் காலம் நினைவுக்கு வந்தது. ஒரு கட்டடத்தின் தீப் பாதுகாப்புக் குறிப்பை மொழிபெயர்க்கும்போது, “அலாரம் ‘கோ ஆஃப்’ ஆகும்போது உடனே வெளியேறுக” என்ற கருத்துடைய வாக்கியத்தில் நானும் அதே சொல்லைத்தான் போட்டேன். விளக்குக்கு அது பொருந்தும். விளக்கு ‘கோஸ் ஆஃப்’ என்றால் அணைகிறது. அலாரத்துக்கோ நேர் எதிர்ப் பொருள். அலாரம் ‘கோஸ் ஆஃப்’ என்றால் அலறத் தொடங்குகிறது. பிரெஞ்சில் அதற்கு ‘ஸ தெக்லான்ஷே’ என்று வரவேண்டும். அலாரம் ஓய்ந்த பிறகே வெளியேறுங்கள் என்று தீ விபத்தில் சிக்கியவர்களுக்கு அறிவுரை கூறியிருந்த என் பிரதியில், சரிபார்ப்பவர் அந்த ஒரு சொல்லைச் சுற்றிச் சிவப்பு வட்டம் போட்டு, ஓரத்தில் ஒரு கேள்விக்குறி மட்டும் இட்டுத் திருப்பி அனுப்பினார். இதே ‘கோ ஆஃப்’ வெடிகுண்டோடு சேர்ந்தால் ‘எக்ஸ்ப்லோசே’. பாலோடு சேர்ந்தால் ‘தூர்னே’, அதாவது திரிதல். தமிழில் நாமும் அணைந்தது, ஒலித்தது, வெடித்தது, திரிந்தது என்று நான்கு வினைகளைத்தானே தனித்தனியே கையாள்கிறோம்?

என் கடிதத்தின் மையக் கருத்து இதுவே. தமிழ் மாணவன் பிரெஞ்சுக்குப் போக ஆங்கிலத்தின் வழியாகச் சுற்ற வேண்டியதில்லை. தொடர்வினைகளைப் பொறுத்தவரை தமிழ்தான் குறுக்குவழி. ‘கிவ் அப்’ என்பதைப் பாருங்கள். தங்கள் பட்டியல் அதற்குக் கைவிடுதல் என்னும் பொருளுடைய ‘அபாந்தொனே’ என்று கூறி முடித்துவிடுகிறது. ஒருவர் புகைப்பதை ‘கிவ் அப்’ செய்தால் பிரெஞ்சில் ‘அரேத்தே’, நம்பிக்கையைச் செய்தால் ‘பெர்த்ர்’, பேருந்தில் தம் இருக்கையை முதியவருக்குச் செய்தால் ‘செதே’, காவலரிடம் தம்மையே செய்தால் ‘ஸ ராந்த்ர்’. இவற்றைத் தமிழில் சொல்லிப் பாருங்கள்: புகைப்பதை விட்டார், நம்பிக்கையை இழந்தார், இருக்கையை விட்டுக்கொடுத்தார், சரணடைந்தார். ஆங்கிலம் ஒன்றாகக் கட்டிவைத்த மூட்டையைப் பிரெஞ்சு எங்கெங்கே பிரிக்கிறதோ, ஏறத்தாழ அங்கேயே தமிழும் பிரிக்கிறது. விடுகதைக்கு விடை தெரியாமல் ‘ஐ கிவ் அப்’ என்று கைவிரிக்கும்போது மட்டும் பிரெஞ்சுக்காரர் தம் நாக்கைப் பூனைக்குக் கொடுத்துவிடுவதாகச் சொல்வார். அதற்கு எந்தக் குறுக்குவழியும் கிடையாது, மனப்பாடம்தான்.

இயக்கத்தைக் குறிக்கும் தொடர்வினைகளில் இந்த ஒற்றுமை இன்னும் ஆழமானது. ‘ஹி ஸ்வாம் அக்ராஸ் த ரிவர்’ என்னும்போது நீந்துதல் வினையாகவும், கடத்தல் ‘அக்ராஸ்’ என்ற சிறு சொல்லாகவும் நிற்கின்றன. பிரெஞ்சில் இரண்டும் இடம் மாறிக்கொள்ளும். ‘இல் திராவெர்சா லா ரிவியேர் ஆ லா நாஜ்’ என்பதில் கடத்தல்தான் முற்றுவினை. நீந்துதல் அதற்கு அடையாகப் பின்னால் வருகிறது. வினே, தார்பெல்னே என்ற இருவர் 1958இல் வெளியிட்ட பிரெஞ்சு-ஆங்கில ஒப்பீட்டு நூலில் இதற்கு ‘ஷாஸே குருவாஸே’ என்று பெயரிட்டார்கள். நடனத்தில் இருவர் ஒருவரையொருவர் கடந்து இடம் மாறும் அடவின் பெயர் அது. 1909இல் விமானத்தில் ஆங்கிலக் கால்வாயைக் கடந்த பிளேரியோவை ஆங்கிலம் குறுக்கே ‘பறக்க’ வைக்கிறது, பிரெஞ்சு விமானத்தால் ‘கடக்க’ வைக்கிறது. தமிழ் என்ன செய்கிறது? “ஆற்றை நீந்திக் கடந்தான்.” முற்றுவினை கடத்தல், எச்சவினை நீந்துதல், பிரெஞ்சின் அதே கட்டமைப்பு, சொல்வரிசை மட்டுமே வேறு. உலக மொழிகளை இந்த அடிப்படையில் இரு பெரும் பிரிவாக வகுத்த அமெரிக்க மொழியியலாளர் லெனார்ட் டால்மியும் தமிழையும் பிரெஞ்சையும் ஒரே பிரிவில்தான் வைத்தார். நம் மாணவர்களுக்கான பாடங்கள் இந்த வசதியைக் கண்டுகொள்வதே இல்லை என்பது என் நீண்டநாள் ஆதங்கம்.

இடமாற்றத்தைக் கற்றுக்கொண்டவர்கள் செய்யும் அடுத்த பிழையையும் சொல்லியாக வேண்டும். எல்லா வாக்கியத்திலும் இரு பாதிகளையும் நிரப்பியே தீரவேண்டும் என்று எண்ணி, ‘ஹி வாக்டு இன்டு த ரூம்’ என்பதை ‘நடந்தபடி அறைக்குள் நுழைந்தார்’ என்று பிரெஞ்சில் எழுதுவார்கள். அறைக்குள் மனிதர்கள் நடந்துதான் வருவார்கள். ‘ஆன்த்ரே’ என்ற ஒரு வினை போதும். நொண்டிக்கொண்டோ நுனிக்காலிலோ வந்தால் மட்டும் அதைத் தனியே சொல்ல வேண்டும். இதற்கு விதியைவிடக் காதே நல்ல வழிகாட்டி.

தமிழ் கைகொடுக்காத இடமும் உண்டு. “தோட்டத்தில் ஓடினான்”, “தோட்டத்துக்குள் ஓடினான்” என்ற இரண்டையும் நாம் உருபால் வேறுபடுத்திவிடுகிறோம். பிரெஞ்சில் ‘கூரிர் தான்’ என்றால், பொதுவாகத் தோட்டத்துக்குள்ளேயே ஓடிக்கொண்டிருப்பது என்றுதான் பொருள்படும். வெளியிலிருந்து உள்ளே ஓடி வந்ததைச் சொல்ல ‘ஓடியபடி நுழைந்தான்’ என்றே அமைக்க வேண்டும்.

மொழிநடையைப் பற்றியும் ஒரு சொல். இத்தகைய வினைகள் அயல்நாட்டாருக்குப் பெருந்தொல்லை தருபவை என்று சாமுவேல் ஜான்சன் 1755இல் தம் ஆங்கில அகராதியின் முன்னுரையிலேயே எழுதினார். 1066இல் நார்மானியர் இங்கிலாந்தை வென்ற பிறகு பிரெஞ்சிலிருந்தும் லத்தீனிலிருந்தும் ஆங்கிலத்தில் குடியேறிய சொற்களுள் பல இன்றும் அங்கே சற்று விறைப்பாக நிற்கின்றன. அணைத்தல் என்பதற்கு ‘புட் அவுட்’ வீட்டுப் பேச்சு, ‘எக்ஸ்டிங்குவிஷ்’ அலுவலக நடை. ஆங்கிலத்தின் வழியாகப் பிரெஞ்சுக்கு வரும் மாணவன், அதே பொருளுடைய ‘எதாந்த்ர்’ என்ற பிரெஞ்சுச் சொல்லும் அவ்வாறே விறைப்பானது என்று எண்ணி, அதைவிட எளிய சொல் ஒன்றைத் தேடி அலைகிறான். அப்படியொன்றைத் தேட வேண்டியதே இல்லை. “விளக்கை அணைத்துவிட்டுத் தூங்கு” என்று குழந்தையிடம் சொல்லும் தாயும் அந்தச் சொல்லைத்தான் பயன்படுத்துகிறாள்.

ஆங்கிலத்தின் ‘அப்’ சில இடங்களில் திசையைக் குறிக்காமல், செயல் முழுமையாக முடிந்ததை மட்டும் குறிக்கும். ‘டிரிங்க் அப்’ என்பதில் மேலே போவது எதுவும் இல்லை. அந்த வேலையை நம் ‘விடு’ என்னும் துணைவினை செய்கிறது: குடித்துவிடு. பிரெஞ்சில் அதற்கென்று ஓர் ஒட்டு இல்லாததால், குவளையை முடி என்ற பொருளில் ‘ஃபினீர்’ என்ற வினையால் சொல்வார்கள். தங்கள் பட்டியலில் இருப்பதுபோல, குடித்தல் என்னும் பொருளுடைய ‘புவார்’ என்று மட்டும் எழுதினால், கடைசிச் சொட்டு குவளையிலேயே தங்கிவிடும்.

எனவே அடுத்த முறை இத்தகைய பகுதியை வெளியிடும்போது, சொல்லுக்குச் சொல் என்ற பத்தியை நீக்கிவிட்டு, ஒவ்வொரு தொடர்வினைக்கும் இரண்டு மூன்று முழு வாக்கியங்களை ஆங்கிலம், தமிழ், பிரெஞ்சு என்ற வரிசையில் தருமாறு கேட்டுக்கொள்கிறேன். இருபது வினைகளுக்குப் பதில் ஐந்தே வினைகள் இடம்பெற்றாலும் குறையில்லை. அதுவரை, இரண்டு இடங்களை மட்டுமாவது திருத்தமாக வெளியிட வேண்டுகிறேன். ஒன்று, மேலே சொன்ன ‘கோ ஆஃப்’. மற்றொன்று, ‘ரன் இன்டு’ என்பதற்கு எதிரே அச்சாகியுள்ள ‘கூரிர் தான்’. பழைய நண்பரை வழியில் தற்செயலாகக் காண்பதற்குப் பிரெஞ்சில் ‘தோம்பே சூர்’ என்பார்கள். பட்டியலில் உள்ளபடி எழுதும் மாணவன் அந்த நண்பரின் வயிற்றுக்குள் ஓடிக்கொண்டிருப்பான்.

இப்படிக்கு,
தங்கள் வாசகரான ஒரு மொழிபெயர்ப்பாளர்