கயிற்றைப் பிடித்திருப்பவர்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

கிறிஸ்துவின் நாமத்தில் வாழ்த்துகள். சபை நிறுவும் ஊழியத்துக்குக் காணிக்கை கொடுப்பதைப் பற்றிச் சென்ற இதழில் வெளியான கட்டுரையை நன்றியோடு வாசித்தேன். ஆனால் காணிக்கையை அனுப்பிவிட்டால் சபையின் பங்கு நிறைவேறிவிடும் என்று அதை வாசிப்பவர்கள் எண்ணிவிடக்கூடும் என்பதால் இதை எழுதுகிறேன். பல ஆண்டுகள் ஒரு சபையின் மிஷனரிக் குழுவில் இருந்தவன் நான். பணம் நின்றதால் பணித்தளத்தை விட்டு வந்தவர்களைவிட, அனுப்பியவர்கள் தங்களை மறந்துவிட்டார்கள் என்று மனம் உடைந்து திரும்பியவர்களையே நான் அதிகம் கண்டிருக்கிறேன்.

1792 அக்டோபரில் இங்கிலாந்தின் கெட்டரிங் ஊரில் ஒரு வீட்டில் கூடிய பாப்டிஸ்ட் போதகர்கள் சிலர், தங்கள் மிஷன் சங்கத்துக்கென அன்று வாக்களித்த தொகை 13 பவுண்டு 2 ஷில்லிங் 6 பென்ஸ் மட்டுமே. வில்லியம் கேரியை இந்தியாவுக்கு மிஷனரியாக அனுப்பியபோது அந்தப் பணியை ஆழமான சுரங்கத்துக்குள் ஒருவர் இறங்குவதற்கு ஒப்பிட்டு, மேலே நிற்பவர்கள் கயிற்றை விடாமல் பிடித்திருக்க வேண்டும் என்று அவர்கள் பேசிக்கொண்டதை அவர்களில் ஒருவரான ஆண்ட்ரூ ஃபுல்லர் பின்னாளில் நினைவுகூர்ந்தார். ஃபுல்லர் தம் சபையின் போதகராக இருந்தபடியே, 1815இல் இறக்கும்வரை அந்தச் சங்கத்தின் செயலாளராகச் சபை சபையாகச் சென்று ஆதரவு திரட்டினார். கேரி 1793இல் வங்காளம் வந்து சேர்ந்தார். அந்தப் பணியின் முதல் கனியான கிருஷ்ண பால் வங்காளத்தின் செராம்பூரில் ஞானஸ்நானம் பெற்றது 1800 டிசம்பரில். இடையில் ஏழு ஆண்டுகள் கடந்திருந்தன.

அந்த ஏழு ஆண்டுகளை நினைக்கும்போதெல்லாம் என் மனம் உறுத்துகிறது. எங்கள் சபை தாங்கிவந்த ஒரு குடும்பத்தின் அறிக்கையில் மூன்றாண்டுகளாக ஞானஸ்நான எண்ணிக்கை இல்லை என்பதற்காக அவர்களுக்கான உதவியை நிறுத்தத் தீர்மானித்தபோது நானும் அதற்கு இசைந்தேன். அவர்கள் அந்த மூன்றாண்டுகளில் புதிய மொழியொன்றைக் கற்று, அக்கம்பக்கத்தாரின் நம்பிக்கையைப் பெறத் தொடங்கியிருந்தார்கள் என்பதை அவர்களுடைய கடிதங்களைப் பொறுமையாக வாசித்திருந்தாலே அறிந்திருப்போம். எண்ணிக்கையை மட்டும் கேட்கும் சபை, எண்ணிக்கையைக் கூட்டிச் சொல்லும் சோதனைக்கு ஊழியரை உள்ளாக்குகிறது என்பதையும் சொல்லியாக வேண்டும்.

கேரியின் குடும்பம் பட்ட பாடு இன்னும் குறைவாகவே பேசப்படுகிறது. 1794இல் ஐந்து வயது மகன் பீட்டர் இறந்தபின் அவருடைய மனைவி டாரதி மனநோய்க்கு ஆளாகி, 1807இல் இறக்கும்வரை அதிலிருந்து மீளவில்லை. மிஷனரியின் மனைவிக்கு யார் கடிதம் எழுதுகிறார்கள், பிள்ளைகளின் படிப்புக்கு என்ன வழி, நோய் வந்தால் மருத்துவச் செலவை யார் ஏற்பார்கள், விடுமுறையில் வரும்போது எங்கே தங்குவார்கள் என்பவை அனுப்புவதற்கு முன்பே சபை விடை காணவேண்டிய கேள்விகள். இவற்றுள் பலவற்றைக் குழுக்களைவிடக் குடும்பங்களே நன்றாகச் செய்யும். ஒரு மிஷனரிக் குடும்பத்தின் பிள்ளைகளைப் பெயர் சொல்லி ஜெபித்து, அவர்களுடைய பிறந்தநாளை நினைவில் வைத்து, அவர்கள் வரும்போது தங்கள் வீட்டில் ஓர் அறையை ஒழித்துக் கொடுக்கும் வீட்டில் வளரும் பிள்ளைக்கு அருட்பணி என்பது தூரத்துச் செய்தியாக இருக்காது.

பிலிப்பி சபையார் பவுலுக்குப் பணத்தை மட்டும் அனுப்பவில்லை. தங்களில் ஒருவரான எப்பாப்பிரோதீத்துவையே அனுப்பினார்கள், அவர் மரணத்துக்குச் சமீபமாய் வியாதிப்பட்டார். பவுலும் பர்னபாவும் தங்களை அனுப்பிய அந்தியோகியாவுக்குத் திரும்பியபோது சபை கூடிவந்து நடந்தவற்றைக் கேட்டது. அவர்கள் அங்கே நெடுநாள் தங்கியிருந்தார்கள் என்று அப்போஸ்தலர் 14 கூறுகிறது. நம் சபைகளிலோ திரும்பி வரும் ஊழியருக்கு ஆராதனையின் இறுதியில் பத்து நிமிடம் கிடைத்தாலே அரிது.

தொழில் நிமித்தமாக ஊர் மாறும் குடும்பங்களும் ஆக்கில்லா, பிரிஸ்கில்லா தம்பதியரை நினைக்கவேண்டும். கூடாரத் தொழிலாளரான அவர்கள் எபேசுவிலும் ரோமிலும் தங்கள் வீட்டையே சபை கூடும் இடமாக்கினார்கள். புதிய சபை தொடங்கக் கட்டடம் முதலில் வேண்டும் என்ற எண்ணத்தை நாம் விட்டுவிடலாம். அதேபோல, பவுல் சபைதோறும் மூப்பர்களை ஏற்படுத்தியதைப் பின்பற்றி, உள்ளூர் விசுவாசிகளிடம் பொறுப்பை எப்போது ஒப்படைப்போம் என்பதைத் தாங்கும் சபை தொடக்கத்திலேயே ஊழியரோடு பேசி முடிவு செய்வது நல்லது. வெளியிலிருந்து வரும் பணத்தையே என்றென்றும் நம்பியிருக்கும் சபை தன் காலில் நிற்பது கடினம்.

அடுத்த ஆண்டுக்கான வரவு செலவுத் திட்டத்தை இப்போது தயாரிக்கும் சபைகள், மிஷனரி ஒருவருக்குத் தரும் வாக்கைக் குறைந்தது ஐந்தாண்டுக்காவது தரும்படியும், அவருடைய கடிதங்களை மாதம் ஒருமுறை சபையார் முன் முழுமையாக வாசிக்கும்படியும் தங்கள் இதழின் வழியாகக் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் இதழின் நெடுநாள் வாசகர் ஒருவர்